காலை உணவுக்குப் பின் புறப்படுதல்

சுற்றுலா நிறுவனங்கள் கொடுக்கும் பயணத் திட்டத்தை யாரும் இலக்கியமாகப் படிப்பதில்லை. வாட்ஸப்பில் பிடிஎஃப்பாக வரும், விலையைப் பார்ப்போம், எந்த வேளைக்கு என்ன சாப்பாடு என்று பார்ப்போம், மூடிவிடுவோம். ஆனால் நம் ஊரில் பயணம் பற்றிய உரைநடையில் வரிவரியாக, சந்தேகத்தோடு வாசிக்கப்படுவது அதுதான் என்று எனக்குத் தோன்றும். பயணக் கட்டுரையை இப்படி யாரும் வாசிப்பதில்லை. ஆகவே ஒரு விமர்சகன் செய்யவேண்டியதை அதற்கும் செய்து பார்க்கலாம்.

அதன் நடை ஏறக்குறைய இப்படி இருக்கும். முதல் நாள்: விமான நிலையத்தில் வரவேற்பு, விடுதியில் அறை ஒதுக்கீடு, இரவு உணவு. இரண்டாம் நாள்: காலை உணவுக்குப் பின் புறப்படுதல், நகரைச் சுற்றிப் பார்த்தல், மதிய உணவு, கடைவீதி, இரவு தங்கல். கம்பெனி மாறலாம், நாடு மாறலாம், இந்த நடை மாறாது.

கவனித்தால் ஒன்று தெரியும். இதில் ஒரு வினைமுற்றுகூட இல்லை. 'புறப்பட்டோம்' என்று எழுதினால் எப்போது, யார், ஒருத்தரா பலரா என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். தமிழ் வினைமுற்றின் அழகே அதுதான், ஆள் இல்லாமல் அது நிற்காது. 'புறப்படுதல்' என்றால் காலமும் போச்சு, ஆளும் போச்சு. பள்ளிக்கூட இலக்கணத்தில் இதற்குத் தொழிற்பெயர் என்று பெயர். தொழிலுக்குப் பெயர் உண்டு, செய்தவருக்கு இல்லை. பேக்கேஜ் டூர் என்ற வடிவத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவது எல்லாம் இந்த ஒரு இலக்கணக் குறிப்புக்குள் இருக்கிறது. மீதி விளக்கம்தான்.

1

முதலில் வழக்கமான ஒரு விமர்சனத்தை ஒதுக்கி வைத்துவிடலாம். இணைய இதழ்களில் வரும் பயணக் கட்டுரைகளில் மூன்றாவது பத்திக்குள் ஒரு வாக்கியம் வந்துவிடும்: நான் பயணி, சுற்றுலாப் பயணி அல்ல. பையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போகிறவருக்கு அனுபவம் கிடைக்கும், கொடியைப் பிடித்தவர் பின்னால் நாற்பது பேராகப் போகிறவர்களுக்கு செல்ஃபிதான் கிடைக்கும் என்பது அதன் உட்கிடை.

இந்த ஏளனம் புதிதல்ல. பேக்கேஜ் டூருக்கு எவ்வளவு வயதோ கிட்டத்தட்ட அவ்வளவு வயது இதற்கும். 1865ல் இத்தாலியில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த சார்ல்ஸ் லீவர் என்ற நாவலாசிரியர் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். தாமஸ் குக் கூட்டிவரும் கும்பல் உண்மையில் பயணிகளே அல்ல, ஆஸ்திரேலியா இனி ஏற்க மறுத்த கைதிகளைத்தான் இங்கிலாந்து இப்படி இத்தாலியில் இறக்கிவிடுகிறது என்று கேலியாகக் கிளப்பிவிட்டார். குக் சும்மா இருக்கவில்லை, பதில் எழுதினார். தன்னோடு வந்தவர்கள் பாதிரிமார்கள், டாக்டர்கள், பள்ளி ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள். ரோமைப் பார்க்க அவர்களுக்கு என்ன தகுதிக் குறைவு என்பதுதான் அவருடைய கேள்வியின் சாரம். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் வரவில்லை.

பேக்கேஜில் போனால் இலக்கியம் வராது என்பதும் பொய். மார்க் ட்வைன் 1867ல் 'குவேக்கர் சிட்டி' என்ற கப்பலில் ஐரோப்பாவுக்கும் பாலஸ்தீனத்துக்கும் போனது ஒரு முழு பேக்கேஜில்தான். கட்டணம் 1,250 டாலர், எந்த ஊரில் எத்தனை நாள் என்பது வரை அச்சடித்த திட்டம். அதிலிருந்து வந்த 'தி இன்னசென்ட்ஸ் அப்ராட்' அவர் உயிரோடு இருந்தபோது மிக அதிகமாக விற்ற புத்தகம். கூடப் பயணித்த கும்பல்தான் அதில் அவருக்கு விஷயமே.

தாமஸ் குக்கின் தொடக்கமும் பணக்காரர்களிடம் இல்லை. மரச்சாமான் செய்கிற தச்சர், பாப்டிஸ்ட் பிரசங்கி, மதுவிலக்குப் பிரச்சாரகர். 1841 ஜூலை 5ஆம் தேதி லெஸ்டரிலிருந்து லஃப்பரோவில் நடந்த ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்குச் சுமார் 500 பேரை ரயிலில் கூட்டிப்போனார். தலைக்கு ஒரு ஷில்லிங். தூரம் 18 கிலோமீட்டர் சுமார். ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிற தூரம். அவர் நம்பிக்கை எளிமையானது: தொழிலாளி குடிக்கப் போவது அவனுக்குப் போக வேறு இடம் இல்லாததால். 1851ல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தபோது ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அழைத்துப் போனார். அதற்காக வாராவாரம் பணம் கட்டும் சங்கங்கள் இருந்தன. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் டூர் சீட்டு.

சீட்டு என்றதும் எனக்கு எங்கள் தெரு நினைவுக்கு வரும். ஓசூரில் எங்கள் ஏரியாவில் வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம். எந்த பாஷை பேசினாலும் பெண்கள் சீட்டு கட்டித்தான் காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போனார்கள். நடத்துகிற அக்கா ஒருவர் இருப்பார். பஸ்ஸின் டிக்கியில் அரிசி மூட்டை, அண்டா, கேஸ் சிலிண்டர். நோட்டீஸில் பெரிய எழுத்தில் 'சமையல் ஆட்கள் உடன் வருவார்கள்' என்று போட்டிருக்கும். சமைக்க வருகிறவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். அவர் ரசம் நன்றாக வைப்பார் என்பதற்காகவே போகிறவர்கள் உண்டு.

என் பெற்றோரின் முதல் வெளிநாட்டுப் பயணமும் பேக்கேஜ்தான். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் சிப்காட்டில் மெஷின் ஷாப்பில் மூன்று ஷிப்டும் பார்த்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூர், மலேசியா, ஆறு நாள். ஏற்பாடு செய்த கம்பெனி எது என்பது இங்கே முக்கியமில்லை, எல்லாம் ஒரே அச்சு. திரும்பி வந்த அம்மாவிடம் என்னம்மா பிடிச்சுது என்று கேட்டேன். மெர்லயனையோ பத்து மலையின் 272 படிகளையோ சொல்வார் என்று பார்த்தால், "ஆறு நாளா நான் காபி போடலடா" என்றார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் காலையில் அடுத்தவர் போட்ட காபியைத் தொடர்ந்து ஆறு நாள் குடித்தது அதுதான் முதல் தடவை. இதை அனுபவமில்லை என்று சொல்கிற பயண இலக்கியம் எனக்கு வேண்டாம்.

எனவே கூட்டமாகப் போவது, முன்கூட்டியே திட்டமிடுவது, சொந்தச் சாப்பாட்டைத் தேடுவது எதுவும் குற்றமில்லை. பேக்கேஜ் டூரை ரசனையின் பெயரால் அடிப்பது லீவருடைய வேலை. அதைத் தொடரவேண்டியதில்லை.

2

அப்படியானால் எதை விமர்சிப்பது? குக் உண்மையில் கண்டுபிடித்தது என்ன என்று கேட்டால் அதற்கு வழி கிடைக்கும்.

அவர் எந்த இடத்தையும் கண்டுபிடிக்கவில்லை. ஆல்ப்ஸும் நைலும் அங்கேயேதான் இருந்தன. அவர் கொண்டுவந்தது கூப்பன். 1868 வாக்கில் வந்த ஹோட்டல் கூப்பனை நீட்டினால் அறை, சாப்பாடு கிடைக்கும். விலை பேசவேண்டாம், அந்த ஊர்ப் பணம் வேண்டாம், பாஷை வேண்டாம். பின்னாளில் டிராவலர்ஸ் செக் ஆன சுற்றுக் காசோலையை 1874ல் வெளியிட்டார்கள். இவை எல்லாம் ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டு மனிதர்களுக்கு நடுவில் நடக்கவேண்டிய பேச்சை ஒரு காகிதம் தன் மேல் வாங்கிக்கொள்கிறது.

மென்பொருள் வேலை பார்ப்பவனுக்கு இது நன்றாகப் பழக்கமான விஷயம். நாங்கள் இதை இன்டர்ஃபேஸ் என்போம். கூப்பிடுகிறவனுக்கு உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியவே கூடாது, தெரிந்தால் டிசைன் சரியில்லை. கேட்டால் கிடைக்கவேண்டும், அவ்வளவுதான். உள்ளே ஒரு சர்வர் தீப்பிடித்து எரிந்தாலும் வெளியே இருநூறு ஓகே என்று போகவேண்டும். குறியீட்டில் இது நல்ல பழக்கம். ஆனால் உள்ளே இருப்பது சர்வராக இல்லாமல் அறையைப் பெருக்குகிறவராக இருந்தால் அதே குணத்துக்கு வேறு பொருள் வந்துவிடும்.

இந்தத் திறமை ஒருமுறை கையில் வந்துவிட்டால் அதை எதற்கும் பயன்படுத்தலாம் என்பதை அந்த நிறுவனம் சீக்கிரமே கண்டுகொண்டது. தாமஸின் மகன் ஜான் மேசன் குக் வந்த பிறகு நைல் நதியில் சுற்றுலாப் படகு விட்ட அதே நிறுவனத்தை, 1884ல் கார்ட்டூமில் மாட்டிக்கொண்ட ஜெனரல் கார்டனை மீட்கச் சுமார் 18,000 படைவீரர்களை ஏற்றிப்போக பிரிட்டிஷ் அரசு அமர்த்தியது. போருக்கும் உல்லாசத்துக்கும் ஒரே ஒப்பந்தக்காரர்.

இந்தியாவில் அவர்களுடைய கதை இன்னும் கூர்மையானது. 1881ல் பம்பாயில் அலுவலகம் திறந்தார்கள். 1886ல் இந்திய அரசு ஹஜ் பயணிகளைப் பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கொண்டுபோகும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தது. கப்பல்களில் கூட்டமும் நோயும் தரகர்களின் ஏமாற்றும் சகிக்க முடியாமல் இருந்த காலம் அது. அடுத்த வருஷம், 1887ல், விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்கு லண்டன் போகும் மகாராஜாக்களுக்காக இந்திய இளவரசர் பிரிவு என்றே தனியாக ஒன்றை ஆரம்பித்தார்கள். ஒரே அலுவலகத்தில் ஒரு பக்கம் கப்பலின் அடித்தளத்தில் போகிற ஏழை யாத்ரீகன், இன்னொரு பக்கம் பரிவாரத்தோடு போகிற ராஜா. ஹஜ் ஏற்பாடு பத்து வருஷம்கூட நீடிக்கவில்லை. அதில் லாபம் இல்லை.

ரெண்டு வேலையும் கைக்கு ஒன்றுதான்: இத்தனை தலை, இத்தனை படுக்கை, இத்தனை வேளைச் சாப்பாடு, இந்த நேரத்தில் இந்த இடம். தலைக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது மட்டும் வேறு.

3

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

தாமஸ் குக் குழுமம் தன் இந்திய நிறுவனத்தை 2012ல் கனடாவின் ஃபேர்ஃபாக்ஸுக்கு விற்றது. ஃபேர்ஃபாக்ஸின் தலைவர் பிரேம் வத்சா ஹைதராபாத்தில் பிறந்து சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்தவர். அடுத்த வருஷமே, 2013ல், தாமஸ் குக் இந்தியா ஒரு நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. ஓட்டல் அல்ல, விமான கம்பெனி அல்ல. பெங்களூரைச் சேர்ந்த இக்யா என்ற ஆள்சேர்ப்பு நிறுவனம். மற்ற கம்பெனிகளுக்குத் தற்காலிக ஊழியர்களை அனுப்பி வைப்பது அதன் தொழில். பிறகு அது குவெஸ் கார்ப் என்று பெயர் மாற்றிக்கொண்டது, 2016ல் பங்குச் சந்தைக்கு வந்தது, இந்தியாவின் மிகப் பெரிய ஆள்வழங்கு நிறுவனங்களில் ஒன்றானது. 2019ல்தான் தாமஸ் குக் இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. நடுவில், 2014ல், ஊட்டி, கொடைக்கானல் என்று விடுமுறைக் குடில் விற்று நம் நடுத்தர வர்க்கத்துக்குப் பழக்கமான சென்னையின் ஸ்டெர்லிங் ரிசார்ட்ஸையும் வாங்கினார்கள்.

ஆக, ஏறக்குறைய ஆறு வருஷம் ஒரே கூரையின் கீழ் விடுமுறைக்கு ஆள் அனுப்புவதும் வேலைக்கு ஆள் அனுப்புவதும் நடந்தது. இதில் சட்டவிரோதமோ ரகசியமோ எதுவும் இல்லை, ஆண்டறிக்கையிலேயே இருக்கிற விஷயம். வணிகப் பத்திரிகைகளில் இதை வியாபாரத்தைப் பரவலாக்குவது என்பார்கள். எனக்கு அது பரவலாகத் தெரியவில்லை, ஒரே தொழிலின் இரு கைகளாகத் தெரிகிறது.

என் வேலையில் இரண்டு அட்டவணைகளையும் நான் பார்த்திருக்கிறேன். கொஞ்ச வருஷம் ஓட்டல் முன்பதிவு மென்பொருளில் இருந்தேன், பிறகு ஒப்பந்த ஊழியர் வருகைப் பதிவு மென்பொருளில். முன்னதில் பெயர், அறை எண், ஏறும் இடம், சைவமா அசைவமா. பின்னதில் பெயர், கட்டில் எண், ஏறும் இடம், சாப்பாடு கணக்கு. முன்னதில் ஆளைப் 'பேக்ஸ்' என்பார்கள், பின்னதில் 'ஹெட்கவுண்ட்'. ஒரு அட்டவணையின் நெடுவரிசைத் தலைப்புகளை மாற்றினால் இன்னொன்று வந்துவிடும். உண்மையாகவே பாதி கோடை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வசிப்பவருக்கு இதைப் புரிய வைக்க மென்பொருள் உதாரணம் தேவையில்லை. ஷிப்ட் விடும் நேரத்தில் நெடுஞ்சாலை ஓரம் வரிசையாக நிற்கும் பஸ்களைப் பார்த்தால் போதும். வாரநாளில் முன்கண்ணாடியில் கம்பெனி பெயர், ஞாயிற்றுக்கிழமை அதே பஸ்ஸில் 'சுற்றுலா' என்ற பலகை, கார்த்திகை, மார்கழியில் முன்னால் ஒரு ஐயப்பன் படம். சூளகிரி, உத்தனப்பள்ளி, போச்சம்பள்ளி என்று புதுத் தொழிற்சாலைகள் வந்தபிறகு இந்த வரிசை நீண்டிருக்கிறது. ஜார்கண்டின் ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் 2022ல் ரயிலில் கூட்டமாக ஓசூர்ப் பக்கம் செல்பேசி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை வேலைக்கு வந்தார்கள். புறப்பட்ட ஸ்டேஷனில் கொடியசைத்து வழியனுப்பு, இங்கே வரவேற்பு, விடுதியில் அறை ஒதுக்கீடு, இரவு உணவு, மறுநாள் காலை உணவுக்குப் பின் புறப்படுதல். முதல் பத்தியில் இருந்த பயணத் திட்டத்தை ஒரு சொல் மாற்றாமல் இங்கே பயன்படுத்தலாம். பதினெட்டு, இருபது வயதில் அவர்கள் பார்க்கிற முதல் தூரதேசம் ஓசூர். அவர்களுடைய பயணக் கட்டுரையை யாரும் கேட்பதில்லை.

2024 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் ஓசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் வரும் என்று அறிவித்தார். எங்கள் ஊரில் நிலத்தின் விலை அன்றைக்கே ஏறியது. அந்த 3 கோடியில் மேலே சொன்ன பஸ் வரிசைக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது என் ஆர்வம்.

4

காகிதம் கிழியும்போதுதான் பின்னால் யார் இருந்தார்கள் என்று தெரியும்.

2019 செப்டம்பர் 23 அதிகாலையில் பிரிட்டனின் தாமஸ் குக் திவாலானது. 178 வருஷப் பழைய நிறுவனம், 21,000 ஊழியர்கள், அந்த நேரத்தில் உலகெங்கும் விடுமுறையில் இருந்த சுமார் 6 லட்சம் வாடிக்கையாளர்கள். (இந்திய நிறுவனம் ஏற்கெனவே கைமாறியிருந்ததால் அது தப்பித்தது. அதே வருஷம் இங்கே திவாலுக்குப் போனது 1758ல் படைகளுக்கு ஏஜெண்டாகத் தொடங்கிய காக்ஸ் அண்ட் கிங்ஸ்.) பிரிட்டிஷ் அரசு வாடகை விமானங்களைப் பிடித்துத் தன் நாட்டவர் ஒன்றரை லட்சம் பேரைத் திரும்பக் கொண்டுவந்தது. செய்திகளில் நாம் பார்த்தது பெரும்பாலும் விமான நிலையத்தில் தவித்த பயணிகளை.

திவாலுக்கு முந்தைய வாரக்கடைசியில் துனீசியாவின் ஹம்மாமெத் நகரில் நடந்த ஒரு சின்னச் சம்பவம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு ஓட்டலில், குக் தரவேண்டிய பாக்கியைக் கேட்டு, தங்கியிருந்த பிரிட்டிஷ் விருந்தினர்களை வெளியே விடாமல் கதவை மூடிவிட்டார்கள். தப்பு, சந்தேகமில்லை. பயணிகள் ஏற்கெனவே முழுப் பணமும் கட்டியிருந்தார்கள், அவர்கள் பயந்து போனதும் நியாயம். ஆனால் அந்த மூடிய கதவு ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. பயணி முன்பணம் கட்டுகிறார், ஓட்டலுக்கு அது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் போய்ச் சேரும். அந்தக் கோடைகாலம் முழுக்க துனீசியாவிலும் துருக்கியிலும் கிரீஸிலும் ஸ்பெயினிலும் இருந்த ஓட்டல்காரர்கள்தான் ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பயணியின் பணத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் இருந்தது. அறை பெருக்கியவருக்கும் தட்டு கழுவியவருக்கும் அப்படி ஒன்று இல்லை. 'இரவு உணவு' என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் இருந்த ஆட்கள் ஒரு நாள் மட்டும் வாசலில் வந்து நின்றார்கள். அதுவும் வில்லன்களாக.

இரண்டு மாதத்தில் அந்தப் பெயரை மட்டும் சீனாவின் ஃபோசுன் ஒரு கோடியே பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. கடைசியில் விற்க மிஞ்சியது பெயர்ச்சொல்தான்.

5

வேறு மாதிரி எழுத முடியுமா? பயணத் திட்டம் என்றாலே இப்படித்தான் இருக்கும், அது ஒரு பயன்பாட்டு ஆவணம், அதில் போய் மனிதர்களைத் தேடலாமா என்று கேட்கலாம். தமிழில் இதற்குப் பதில் இருக்கிறது. நம்மிடம் பயணத் திட்டமே ஒரு இலக்கிய வகையாக இருந்தது. ஆற்றுப்படை.

ஆற்றுப்படையைப் பாடப்புத்தகத்தில் மதிப்பெண்ணுக்குப் படித்தவர்கள் இந்தக் கண்ணோடு ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். பரிசு வாங்கித் திரும்புகிற கலைஞன், பசியோடு எதிரே வருகிறவனுக்கு வழி சொல்கிறான்: இந்த நிலத்தைக் கடப்பாய், இன்னாரைப் பார்ப்பாய், இன்னது கொடுப்பார்கள். அதுவும் விளம்பரம்தான், மறுக்கவில்லை. முடிவில் ஒரு மன்னனின் பெருமை விற்கப்படுகிறது. ஆனால் வழி சொல்கிற விதத்தைப் பாருங்கள்.

பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சிக்குப் போகும் வழியில் ஒவ்வொரு வேளைச் சோற்றையும் கொடுப்பவர் யார் என்று சொல்லப்படுகிறது. எயினர் குடியில் இது, இடையர் குடியில் பாலோடு தினைச்சோறு, உழவர் வீட்டில் வெண்சோறும் கோழியும், வலைஞர் குடியில் மீன். அதோடு நிற்பதில்லை. எயினர் வீட்டுச் சோறு எப்படி வந்தது என்று உருத்திரங்கண்ணனார் எழுதுகிறார். அந்த வீட்டுப் பெண்கள் கடப்பாரையால் கரம்பைக் கிளறிப் புல்லரிசி எடுக்கிறார்கள், நிலத்தில் குழித்த உரலில் குத்துகிறார்கள், ஆழத்தில் இருக்கும் கொஞ்ச நீரை முகந்து உலை வைக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சோறு. விருந்தாளி தட்டில் கை வைக்கும்போது அவனுக்கு அந்தக் கடப்பாரை தெரிந்திருக்கும்.

மலைபடுகடாம் எங்கள் பக்கத்து ஊர்க் கதை. நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம், ஊத்தங்கரை தாண்டினால் வந்துவிடும். அதில் பெருங்கௌசிகனார் வழியின் ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்கிறார். பாம்பு இருக்கும் குழிகள், வழுக்கும் பாறை, தினைப்புனம் காப்பவர் யானையை விரட்ட எறியும் கவண்கல் உங்கள் மேல் படலாம், மரத்தின் மறைவில் போங்கள். பயணியின் சௌகரியத்துக்காக அந்த நிலம் சும்மா காத்துக் கிடக்கவில்லை, அங்கே யாரோ வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது பயணிக்குச் சொல்லப்படுகிறது. கல் எறிகிறவன் வில்லன் இல்லை, அவன் பயிரைக் காக்கிறான்.

இந்த இரண்டு பாட்டிலும் பயணம் முன்கூட்டியே திட்டமிடப்பட்டதுதான். கூட்டமாகத்தான் போகிறார்கள், சாப்பாடு எங்கே என்பதுதான் முக்கியக் கேள்வி. பேக்கேஜ் டூர் மேல் நாம் சாட்டும் எல்லாக் குற்றமும் ஆற்றுப்படைக்கும் பொருந்தும், ஒன்றைத் தவிர. அதில் வினைமுற்று இருக்கிறது.

அப்பாவின் போனில் சிங்கப்பூர், மலேசியப் படங்களைப் பார்த்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. கோபுரங்கள் குறைவு. எஸ்கலேட்டரின் தயாரிப்பாளர் தகடு ஒன்று. விடுதியின் லிஃப்ட் மோட்டார் அறைக்கதவு ஒன்று. பஸ் ஓட்டுநரோடு மூன்று படங்கள். அவர் ஈப்போக்காரர், எத்தனை மணிக்கு வண்டி எடுப்பார், ஓவர்டைம் எப்படி, இரண்டு பெண் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று அப்பாவுக்கு எல்லாம் தெரியும். "பாவம்டா, பதினாலு மணி நேரம் ஓட்டறான்" என்றார். திட்டத்தில் 'பேருந்தில் கோலாலம்பூர் செல்லுதல்' என்று இருந்த வரியை ஒரு ரிட்டயர்டு மெஷினிஸ்ட் தானாகவே 'அவன் ஓட்டினான்' என்று திருத்தி வைத்திருக்கிறார். பையோடு தனியாகப் போன எத்தனை பேர் எழுதிய கட்டுரையில் ஓட்டுநரின் வேலை நேரம் இருக்கிறது?

6

கடைசியாக, விடுமுறை என்ற சொல்லுக்கு வரவேண்டும். பயண இலக்கியமும் அதன் விமர்சனமும் ஊரைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு லீவைப் பற்றிப் பேசுவதில்லை. குக்கின் ரயில் 1841ல் ஓடியது, பிரான்ஸில் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை 1936ல் வந்தது, பிரிட்டனில் அதற்கான சட்டம் 1938ல். வெகுஜனச் சுற்றுலாவின் பெரிய காலம் அதற்கப்புறம்தான். கூப்பனைவிட லீவ்தான் பெரிய கண்டுபிடிப்பு. அதைக் கண்டுபிடித்தது எந்த டிராவல் ஏஜென்சியும் அல்ல, தொழிற்சங்கங்கள்.

நம் நாட்டில் 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 79வது பிரிவு எழுதியது இப்படி: ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, அடுத்த வருஷம், 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்தோடு விடுப்பு. அப்பா அந்த 240ஐத் தாண்டியவர், ஒரே கேட்டில் முப்பது வருஷம் கார்டு அடித்தவர். அவருடைய ஆறு நாள் அந்தக் கணக்கிலிருந்து வளர்ந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு கான்ட்ராக்டர், எட்டு மாதத்தில் வேறு கம்பெனி என்று கைமாறியவருக்கு 240 என்ற எண் ஒரு சீட்டில் கடைசி வரைக்கும் விழாத எண் மாதிரி இருந்தது.

எனக்கு இருப்பது வேறு வகைச் சலுகை, எல்டிஏ. நாலு வருஷத்துக்கு இரண்டு பயணம், இந்தியாவுக்குள், குறுகிய வழியில் என்று வருமான வரிச் சட்டம் என் விடுமுறையை வரையறுத்து வைத்திருக்கிறது. இந்த விதியை ஒட்டி ஒரு அருமையான வழக்கு உண்டு. அரசு வங்கி ஊழியர் ஒருவர் டெல்லியிலிருந்து மதுரைக்குப் போவதாகச் சலுகை கேட்டார். அவர் போன வழி டெல்லி, மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பு, டெல்லி. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரை வந்து, இது மதுரைக்குப் போகிற வழி அல்ல என்று தீர்ப்பானது. மதுரையை ஒரு சாக்காக வைத்து உலகம் சுற்றிய அந்த மனுஷன் மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு. ஆனால் அவரும் நானும் சட்டத்தோடு விளையாடக் காரணம் எங்களுக்கு விளையாட ஒரு சட்டம் இருக்கிறது. கட்டில் எண் பட்டியலில் இருக்கும் பெண்ணுக்கு ஊருக்குப் போய்வர நாலு நாள் லீவ் கேட்டால் திரும்பி வரும்போது அதே கட்டில் இருக்குமா என்பது கேள்வி.

ஆகவே பேக்கேஜ் டூரைப் பற்றி எழுதுகிறவர்கள் அதில் போகிறவர்களின் ரசனையை விட்டுவிடலாம். கேட்கவேண்டியவை இரண்டு. இந்தப் பயணத்தை உண்டாக்குகிறவர்கள் எழுத்தில் எங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு எப்போது லீவ். பெரிய நிறுவனம் அனுப்பும் பிடிஎஃப்புக்கும் சரி, நாம் எழுதுகிற தனிப்பயணக் கட்டுரைக்கும் சரி, இந்த இரண்டு கேள்வியும் பொருந்தும். விடியற்காலை மலையுச்சியில் தேநீர் குடித்தேன் என்று எழுதும்போது, போட்டவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்ற ஒரு வரி சேர்த்தால் வாக்கியம் கெட்டுப்போகாது.

ஜார்கண்டுப் பெண்களில் யாராவது ஒருத்தி ஒருநாள் ஓசூரைப் பற்றி எழுதுவாள் என்று எதிர்பார்க்கிறேன். முண்டாரியிலோ சந்தாலியிலோ இந்தியிலோ. காலை உணவுக்குப் பின் யார் புறப்பட்டார்கள், யார் சமைத்தார்கள், எந்தக் கேட்டில் இறங்கினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைத் தமிழில் யாராவது மொழிபெயர்க்கும்போது தயவுசெய்து தொழிற்பெயரில் போடாதீர்கள்.